ஃபோர்த்தில் @, ! : பெயரைச் சொன்னால் முகவரிதான் வரும்

கேள்வி சுருக்கமாக இது: ஃபோர்த் என்ற நிரல்மொழியின் ஒரு வடிவமான ஜிஃபோர்த்தில் ஒரு வேரியபிள் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்) வைத்து, அதன் பெயரைப் போட்டு அச்சிட்டால் உள்ளே வைத்த மதிப்பு வரவில்லை, நீளமான ஏதோ ஓர் எண் வருகிறது. அதோடு 5 கூட்டித் திரும்ப வைத்தாலும் அதே மாதிரிப் பூதாகரமான எண்தான். @, !, +!, சி@, 2@ என்று இத்தனை குறிகள் எதற்கு, எதை எங்கே போடுவது?

எழுதியிருந்த நிரல் இப்படி:

வேரியபிள் மொத்தம்
மொத்தம் 5 + மொத்தம் !
மொத்தம் .

பதிலுக்குப் போகும் முன் ஓர் ஏற்பாடு. ஃபோர்த்தின் சொற்களை உச்சரிக்கிறபடியே தமிழ் எழுத்தில் தருகிறேன்: டூப், ஸ்வாப், செல்ஸ், கிரியேட் என்று. தட்டும்போது வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள். @, !, + போன்ற குறிகள் உள்ளது உள்ளபடி. 'மொத்தம்' போல நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம். இடைவெளி விட்டு எழுதிய எதுவும் ஃபோர்த்துக்கு ஒரு சொல்தான். ஜிஃபோர்த் யூனிகோடைச் சிக்கலில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இப்போது விஷயம். மற்ற மொழிகளில் பழகியவர்களுக்கு ஒரு வேரியபிளின் பெயர் இடத்துக்கு ஏற்ப இரண்டு அர்த்தம் தரும். சமன்குறிக்கு வலப்பக்கம் வந்தால் 'உள்ளே இருப்பது', இடப்பக்கம் வந்தால் 'அந்த இடம்'. எது என்று கம்பைலர் பார்த்துக்கொள்ளும், நாம் யோசிப்பதே இல்லை. ஃபோர்த்தில் சமன்குறியும் இல்லை, இடப்பக்கம் வலப்பக்கமும் இல்லை. ஒரு சொல் வந்தால் அது அப்போதே ஓடும். வேரியபிளின் பெயர் ஓடினால் அது செய்வது ஒன்றே ஒன்று: தன் முகவரியை, அதாவது நினைவகத்தில் தன் இடத்தின் எண்ணை, ஸ்டாக்கின் மேல் வைக்கும். ஸ்டாக் என்பது எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருப்பதை முதலில் எடுக்கும் இடம். எங்கே எழுதினாலும் அதேதான் செய்யும். 64 பிட் லினக்ஸில் அந்த முகவரி பெரும்பாலும் 15 இலக்க எண்ணாக இருக்கும். நீங்கள் பார்த்த நீள எண் அதுதான்.

அந்த முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைச் சொல்லத்தான் இரண்டு சொற்கள். @ என்பது 'ஃபெட்ச்'. ஸ்டாக்கின் மேலிருக்கும் முகவரியை எடுத்துக்கொண்டு, அங்கே இருக்கும் மதிப்பை அதன் இடத்தில் வைக்கும். ! என்பது 'ஸ்டோர்'. மேலே முகவரி, அதற்குக் கீழே மதிப்பு என இரண்டையும் எடுத்து, மதிப்பை முகவரியில் எழுதிவிடும். ஸ்டாக்கில் எதையும் திருப்பி வைக்காது. ஃபோர்த்தின் வழக்கக் குறிப்பில்:

@ ( முகவரி -- மதிப்பு )
! ( மதிப்பு முகவரி -- )

ஆக உங்கள் இரண்டாவது வரி செய்தது என்ன? முகவரியை ஸ்டாக்கில் வைத்து, அதோடு 5 கூட்டி, அந்தக் கூட்டலை அதே முகவரிக்குள் எழுதியது. மூன்றாவது வரியில் உள்ள புள்ளி, ஸ்டாக்கின் மேலிருப்பதை அச்சிடும் சொல்; அந்த வரி உள்ளே இருப்பதைப் பார்க்கவே இல்லை, முகவரியைத்தான் அச்சிட்டது. சரியான வடிவம்:

0 மொத்தம் !
மொத்தம் @ 5 + மொத்தம் !
மொத்தம் @ .

இப்போது 5 வரும். கடைசி வரியைச் சுருக்கி 'மொத்தம் ?' என்றும் எழுதலாம்; ? என்பது @ செய்து அச்சிடும் சொல், அவ்வளவே.

! குறியில் முகவரி ஏன் மேலே இருக்க வேண்டும் என்று பலருக்கும் குழப்பம். நடைமுறையில் பார்த்தால் இது வசதி. மதிப்பு பெரும்பாலும் நீண்ட கணக்கின் விளைவாக வரும். கணக்கு முடிந்து விடை ஸ்டாக்கில் நிற்கும்போது, 'இதைக் கொண்டுபோய் அங்கே வை' என்று பெயரையும் ! குறியையும் கடைசியில் சேர்த்தால் போதும், எதையும் இடம் மாற்ற வேண்டாம். மறந்து 'மொத்தம் 5 !' என்று எழுதினால் அது முகவரி 5இல் எழுத முயலும். கணினியில் ஓடும் ஜிஃபோர்த் அதை உடனே பிடித்து, செல்லாத நினைவக முகவரி என்று சொல்லிவிடும். தரநிலையில் இந்தப் பிழையின் எண் -9.

பெயர் முகவரி தரும், @ போட்டால்தான் மதிப்பு வரும் என்ற விதி ஃபோர்த்தின் உள் வேரியபிள்களுக்கும் பொருந்தும். எண்களை எந்த அடிமானத்தில் அச்சிடுவது என்பதை 'பேஸ்' என்ற வேரியபிள் வைத்திருக்கிறது. இப்போது எந்த அடிமானத்தில் இருக்கிறோம் என்று பார்க்க எல்லோரும் ஒருமுறை 'பேஸ் @ .' தட்டிப் பார்ப்பார்கள். எப்போதும் 10 என்றே வரும். பதினாறில் இருந்தாலும் 10, இரண்டில் இருந்தாலும் 10. எந்த அடிமானத்திலும் அந்த அடிமான எண்ணை எழுதினால் '10' தானே! 'பேஸ் @ 1- .' என்று ஒன்றைக் கழித்து அச்சிட்டால் கொஞ்சம் புரியும்.

கூட்டி வைக்கும் வேலை அடிக்கடி வருவதால் அதற்கென்றே +! இருக்கிறது. '5 மொத்தம் +!' என்றால் உள்ளே இருப்பதோடு 5 கூடும். இது தனி மந்திரம் எதுவும் இல்லை. இருக்கும் சொற்களை வைத்தே எழுதிவிடலாம் (: முதல் ; வரை புதுச் சொல்லின் வரையறை, அடைப்புக்குள் இருப்பது வெறும் குறிப்பு; டக் மேலிருப்பதன் நகலை இரண்டாவதற்குக் கீழே செருகும், ஸ்வாப் மேலுள்ள இரண்டையும் இடம் மாற்றும்):

: +! ( எண் முகவரி -- ) டக் @ + ஸ்வாப் ! ;

ஸ்டாக்கில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். முகவரியை மு என்று வைத்துக்கொள்வோம், உள்ளே 12 இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலம், வலக்கோடியில் இருப்பது மேலே:

தொடக்கம்: 5 மு
டக்: மு 5 மு
@: மு 5 12
+: மு 17
ஸ்வாப்: 17 மு
!: காலி

இதை ஒரு தாளில் இப்படி எழுதிப் பழகியவருக்கு ஃபோர்த்தில் மீதி எல்லாம் எளிது. திரையைப் பார்த்து மனசுக்குள்ளேயே போட முயல்பவர்கள்தான் திண்டாடுகிறார்கள்.

அடுத்து சி@, சி!. இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

@, ! இரண்டும் ஒரு 'செல்' அளவில் வேலை செய்யும். செல் என்பது ஸ்டாக்கில் ஒரு எண் பிடிக்கும் இடம்: 64 பிட் கணினியில் 8 பைட், 32 பிட் மைக்ரோகன்ட்ரோலரில் (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிச் சிப்) 4 பைட், பழைய 16 பிட் அமைப்புகளில் 2 பைட். சி@, சி! இரண்டும் ஒரே ஒரு பைட்டைத் தொடும். எந்த முகவரியில் என்ன வகை மதிப்பு இருக்கிறது என்று ஃபோர்த் எங்கேயும் குறித்து வைப்பதில்லை. அளவைத் தீர்மானிப்பது நீங்கள் எழுதும் சொல்; அந்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று மொழி வற்புறுத்தாது. கீழே உள்ளதை சாதாரண இன்டெல் அல்லது ஆர்ம் கணினியில் தட்டிப் பாருங்கள்:

வேரியபிள் பெட்டி
258 பெட்டி !
பெட்டி சி@ .
பெட்டி 1+ சி@ .

முதலில் 2 வரும், பிறகு 1. 258 என்பது 256 + 2. இந்தக் கணினிகளில் சிறிய பைட் முதலில் உட்காரும், அதனால்தான் 2 முன்னால். பெரிய பைட்டை முதலில் வைக்கும் கணினியில் இதே இரண்டு வரிகளுக்கும் 0, 0 என்று வரும். பெட்டியில் எழுதியபோது செல் அளவில் எழுதிவிட்டு, படிக்கும்போது பைட் அளவில் படித்தோம். ஃபோர்த் மூச்சு விடவில்லை.

இன்னொன்று:

-1 பெட்டி !
7 பெட்டி சி!
பெட்டி @ .

7 வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது -249. முதல் வரி எல்லா பைட்டுகளையும் ஒன்றுகளால் நிரப்பியது. இரண்டாவது வரி சிறிய பைட்டை மட்டும் 7 ஆக்கியது. மேலே இருக்கும் பைட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. -256 உடன் 7 சேர்ந்தால் -249. அதே போல '-5 பெட்டி சி!' என்று வைத்துவிட்டு 'பெட்டி சி@ .' போட்டால் 251 வரும். சி@ எடுத்த பைட்டுக்கு மேலே சுழியங்களை நிரப்பித்தான் தரும், குறையெண் குறியைப் பார்க்காது.

இந்த இரண்டும் பரவாயில்லை, தவறான எண் வந்ததே தெரிந்துவிடும். ஆபத்தானது எதிர்ப்பக்கத் தவறு: பைட் வைக்க வேண்டிய இடத்தில் ! போடுவது. 8 பைட் கொண்ட ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதில் 0இலிருந்து எண்ணி மூன்றாவது இடத்தில் ஓர் எழுத்தை வைக்க வேண்டும் (கிரியேட் பெயரை உருவாக்கும், அலாட் இடத்தை ஒதுக்கும்):

கிரியேட் வரி 8 அலாட்
65 வரி 3 + !

64 பிட் கணினியில் இது 3 முதல் 10 வரையான எட்டு பைட்டுகளையும் எழுதும். ஒதுக்கியதோ 0 முதல் 7 வரை. தாண்டிய மூன்று பைட்டுகள் யாருடையவை? அடுத்து நீங்கள் வைத்த வேரியபிளுடையதாகவோ, அடுத்த சொல்லின் பெயர் பதிந்திருக்கும் இடமாகவோ இருக்கலாம். பிழை வராது. நூறு வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு சொல் 'இல்லை' என்று ஃபோர்த் சொல்லும்போதுதான் தெரியும். சரியானது '65 வரி 3 + சி!'.

பைட்டுகளை வரிசையாகப் பதிய 'சி,' என்ற சொல் மிகவும் வசதி. கமா போட்டால் செல், சி-கமா போட்டால் பைட். இரண்டும் அகராதியின் (ஃபோர்த் தன் சொற்களையும் தரவையும் பதியும் நினைவகப் பகுதி) நுனியில் எழுதிவிட்டு நுனியை நகர்த்தும். மாதத்துக்கு எத்தனை நாள் என்ற அட்டவணை:

கிரியேட் மாதநாள்
31 சி, 28 சி, 31 சி, 30 சி, 31 சி, 30 சி,
31 சி, 31 சி, 30 சி, 31 சி, 30 சி, 31 சி,
: நாட்கள் ( மாதம் -- எண் ) 1- மாதநாள் + சி@ ;

'2 நாட்கள் .' என்றால் 28. பன்னிரண்டு பைட்டில் முடிந்துவிட்டது. செல்களாக வைத்திருந்தால் 96 பைட் போயிருக்கும். கணினியில் இது பெரிதில்லை, 2 கிலோபைட் நினைவகம் உள்ள மைக்ரோகன்ட்ரோலரில் பெரிது.

செல் அளவு விஷயத்தில் பழைய பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சார்ல்ஸ் மூர் 1970 வாக்கில் அரிசோனாவின் கிட் பீக் வானொலித் தொலைநோக்கிக்காக இந்த மொழியை வளர்த்த காலத்திலிருந்து 1980கள் வரை ஃபோர்த் பெரும்பாலும் 16 பிட் இயந்திரங்களில்தான் ஓடியது. ஃபோர்த்-83 தரநிலை 16 பிட் என்றே எடுத்துக்கொண்டது. அதனால் அந்தக் கால நிரல்களில் அடுத்த செல்லுக்குப் போக '2+' என்றும், பத்து செல் ஒதுக்க '20 அலாட்' என்றும் சாதாரணமாக எழுதியிருப்பார்கள். அதை அப்படியே இன்றைய ஜிஃபோர்த்தில் தட்டினால் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும். 1994இல் வந்த ஏஎன்எஸ் தரநிலை இதற்காகத்தான் செல்ஸ், செல்+ என்ற சொற்களைக் கொண்டுவந்தது. '10 செல்ஸ் அலாட்' என்று எழுதினால் எந்த இயந்திரத்திலும் சரியாக இருக்கும். எண் 2, 4, 8 எதையும் செல் அளவாக நேரடியாக எழுதாதீர்கள்.

அதோடு அந்தக் கால வேரியபிள் சொல்லிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஃபிக்-ஃபோர்த் என்ற பழைய வடிவத்தில் '0 வேரியபிள் மொத்தம்' என்று தொடக்க மதிப்பைக் கொடுத்து உருவாக்க வேண்டும். இன்றைய ஃபோர்த் அந்த 0-ஐத் தொடாது. அது ஸ்டாக்கிலேயே தங்கிவிடும், பிறகு வேறு எங்கோ ஒரு கணக்கைக் கெடுக்கும். மறுபுறம், இன்றைய தரநிலை புதிய வேரியபிளின் உள்ளே 0 இருக்கும் என்று உறுதி தருவதில்லை. நீங்களே ஒரு ! போட்டுத் தொடங்குங்கள்.

அணி வேண்டுமென்றால்? ஃபோர்த்தில் அணி என்று தனியாக ஒன்றுமில்லை. முகவரியோடு கூட்டல்தான். 'கிரியேட் மதிப்பெண் 10 செல்ஸ் அலாட்' என்று இடம் பிடித்துவிட்டு, 0இலிருந்து எண்ணி மூன்றாவது உறுப்புக்கு 'மதிப்பெண் 3 செல்ஸ் + @'. எல்லாரும் ஒருமுறையாவது செல்ஸ் போட மறப்பார்கள்; அப்போது முகவரி மூன்று பைட் மட்டும் நகர்ந்து இரண்டு செல்லுக்கு நடுவே விழும். இன்டெல் கணினி அதையும் படித்துக் குப்பை மதிப்பைத் தரும். ஆர்ம் கார்டெக்ஸ்-எம்0 போன்ற சிப் அப்படிச் சீரில்லாத முகவரியில் செல்லைப் படிக்கவே மறுத்து நின்றுவிடும். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும், தவறு நடந்த இடத்திலேயே தெரிகிறது.

இந்தக் கூட்டலை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டாம். கிரியேட்டும் டஸ்>உம் சேர்ந்து புதிய வகைப் பெயர்களை உருவாக்கும் சொல்லைத் தரும். எல்லை மீறலைப் பிடிக்கும் சோதனையையும் அதிலேயே வைத்துவிடலாம் (டூப் மேலிருப்பதை நகலெடுக்கும், 2டூப் மேலுள்ள இரண்டையும்; டஸ் சொல்லுக்குப் பின் வருவது, உருவான பெயரை அழைக்கும்போது ஓடும்; அபார்ட் செய்தி சொல்லி நிறுத்தும்):

: அணி ( எண்ணிக்கை -- )
  கிரியேட் டூப் , செல்ஸ் அலாட்
  டஸ்> ( இடம் அடி -- முகவரி )
  2டூப் @ யு< 0= அபார்ட்" எல்லை மீறல்"
  செல்+ ஸ்வாப் செல்ஸ் + ;

10 அணி மதிப்பெண்
85 3 மதிப்பெண் !
3 மதிப்பெண் @ .

அணி உருவாகும்போது கமா அதன் முதல் செல்லில் 10 என்ற அளவைப் பதிந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு முறையும் அந்த அளவை @ போட்டு எடுத்து, கேட்ட இடத்தோடு ஒப்பிடுகிறது. யு< என்பது குறி பார்க்காத ஒப்பீடு; அதனால் -1 என்று கேட்டாலும் அது மிகப் பெரிய எண்ணாகத் தெரிந்து எல்லை மீறலில் மாட்டிக்கொள்ளும். ஒரே ஒப்பீட்டில் இரண்டு பக்கமும் காவல். கவனியுங்கள்: 'மதிப்பெண்' இப்போதும் தருவது முகவரியைத்தான், அதனால் @, !, +! மூன்றும் எந்த மாற்றமும் இல்லாமல் அதன்மேல் ஓடுகின்றன. '2 3 மதிப்பெண் +!' என்றால் இரண்டு மதிப்பெண் கூடும். பெயர் மதிப்பைத் தந்திருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. ஃபோர்த் ஏன் முகவரியைத் தருகிறது என்ற கேள்விக்கு என் பதில் இந்த ஐந்து வரிதான்.

2@, 2! பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரண்டு செல்களை ஒரே தடவையில் எடுக்கும், வைக்கும். வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள்: '10 20 இடம் 2!' என்றால், ஸ்டாக்கின் மேலிருந்த 20 தான் தாழ்ந்த முகவரியில் போகும், 10 அடுத்த செல்லில். 2@ மறுபடி அதே வரிசையில் திருப்பித் தருவதால், இரண்டையும் ஜோடியாகப் பயன்படுத்துகிறவரை இது தெரியவே வேண்டாம். இறங்கி ஒரு பாதியை மட்டும் @ போட்டு எடுக்கும்போதுதான் உதைக்கும்.

முகவரி வேண்டாம், மதிப்பே போதும் என்றால் 'வேல்யூ' இருக்கிறது. '100 வேல்யூ வரம்பு' என்று வைத்தால் 'வரம்பு' என்று எழுதினாலே 100 வரும். மாற்ற '200 டு வரம்பு'. மற்ற மொழிகளில் இருந்து வருபவர்கள் இதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் வேல்யூ ஆக்கிவிடுகிறார்கள். ஒருமுறை வைத்துப் பலமுறை படிக்கும் அமைப்புகளுக்கு அது நல்லது, @ போட மறக்கும் தொல்லை இல்லை. நொடிக்கு நொடி மாறும் கணக்குகளுக்கு வேரியபிளே வையுங்கள். முகவரியை வேறொரு சொல்லுக்குக் கொடுத்து 'இதை நிரப்பு' என்று சொல்ல முடிவது அதில்தான். இதே ஸ்டாக் குடும்பத்தைச் சேர்ந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயருக்கு எப்போதும் மதிப்பையே தரும், முகவரி என்பதையே கண்ணில் காட்டாது. பக்கம் வரையும் மொழிக்கு அது சரி. வன்பொருளைத் தொடும் மொழிக்கு முகவரி கையில் வேண்டும்.

வன்பொருளுக்குப் போகும் முன் ஒரு சின்ன விஷயம். நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்க மூவ், சிமூவ், சிமூவ்> என மூன்று உண்டு. சிமூவ் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பைட்டாக நகர்த்தும், சிமூவ்> மேலிருந்து கீழாக. மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் வித்தியாசம் தெரியும். 123456 என்ற ஆறு பைட்டில், முதல் ஐந்தை ஒரு பைட் தள்ளி நகலெடுக்கச் சொன்னால், சிமூவ் 111111 ஆக்கிவிடும்: முதல் பைட் அடுத்ததில் விழ, அதுவே அதற்கடுத்ததில் விழ, கடைசிவரை பரவும். மூவ் 112345 என்று சரியாகத் தரும். இந்தப் பரவலைத் தெரிந்தே பயன்படுத்தி ஓர் இடம் முழுவதையும் ஒரே எழுத்தால் நிரப்பும் பழைய நிரல்களும் உண்டு. நீங்கள் மூவ் போடுங்கள். நிரப்ப ஃபில் இருக்கிறது.

இப்போது @, ! இரண்டும் உண்மையில் எதற்குப் பிறந்தன என்று தோன்ற வைக்கும் இடம். மைக்ரோகன்ட்ரோலரில் ஒவ்வொரு பின்னும், டைமரும், சீரியல் போர்ட்டும் ஏதோ ஒரு முகவரியில் ரெஜிஸ்டராக (வன்பொருளை இயக்கும் இடமாக) இருக்கிறது. அந்த முகவரியில் எழுதினால் மின்சாரம் மாறும். 'ப்ளூ பில்' என்று விற்கும் சின்ன நீல போர்டில் எஸ்டிஎம்32எஃப்103 சிப் இருக்கிறது. அதில் மெக்ரிஸ்ப்-ஸ்டெல்லாரிஸ் என்ற ஃபோர்த்தை ஏற்றிவிட்டு, டெர்மினலில் இருந்தே இதைத் தட்டலாம் ($ குறி பதினாறு அடிமானம்):

$40021018 @ 16 ஆர் $40021018 !
$44244444 $40011004 !
8192 $40011014 !

முதல் வரி சி போர்ட்டுக்கு கடிகாரம் கொடுக்கிறது: ரெஜிஸ்டரில் இருப்பதை எடுத்து, '16 ஆர்' மூலம் (0இலிருந்து எண்ணி) 4ஆவது பிட்டை ஏற்றி, திரும்ப வைக்கிறது. இரண்டாவது வரி 13ஆம் பின்னை வெளியீடாக மாற்றுகிறது. மூன்றாவது வரி அந்தப் பின்னைத் தாழ்த்துகிறது (8192 என்பது 13ஆவது பிட்). போர்டில் எல்இடி எரியும்; அந்த போர்டில் பின் தாழ்ந்தால்தான் எரியும்படி இணைத்திருக்கிறார்கள். அணைக்க '8192 $40011010 !'. கம்பைல் செய்து, ஏற்றி, மறுபடி தொடங்கி என்ற சுற்றே இல்லை. சென்சரின் தரவுத்தாளை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, மறுபக்கம் ஒவ்வொரு ரெஜிஸ்டராக @ போட்டுப் பார்த்துக்கொண்டே போகலாம். புது சிப்பைப் பழக இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த மூன்று வரிகளுக்குள் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. முதல் வரி எடுத்து, மாற்றி, வைக்கிறது. எடுத்ததற்கும் வைத்ததற்கும் நடுவே ஓர் இன்டரப்ட் (ஓடும் நிரலை நிறுத்திவிட்டு இடையில் ஓடும் வேலை) வந்து அதே ரெஜிஸ்டரை மாற்றினால், அந்த மாற்றம் நம் ! குறியால் அழிந்துவிடும். +! குறிக்கும் இதே கதிதான். ஒரே சொல்லாக எழுதினாலும் உள்ளே அது @, கூட்டல், ! என்று மூன்று படி. பின்களை ஏற்ற இறக்க இந்தச் சிப்பில் $40011010, $40011014 என்று தனி ரெஜிஸ்டர்கள் இருப்பது இதனால்தான். எந்த பிட்டில் 1 எழுதுகிறோமோ அந்தப் பின் மட்டும் மாறும், மற்றவை அசையாது. படிக்கவே தேவையில்லை, ஒரே ஒரு ! போதும், நடுவில் யாரும் புக முடியாது.

சி மொழியில் ரெஜிஸ்டர்களைத் தொடுபவர்கள் 'வாலடைல்' என்று சேர்க்க மறந்து தலையைப் பிய்த்துக்கொள்வது உண்டு. கம்பைலர் 'இதை ஏற்கெனவே படித்தாயிற்றே' என்று இரண்டாவது படிப்பைத் தூக்கிவிடும். மெக்ரிஸ்ப் போன்ற எளிய ஃபோர்த்துகளில் அந்தக் கவலை இல்லை. @ என்று எழுதிய இடத்தில் ஒரு படிப்பு, ! என்று எழுதிய இடத்தில் ஓர் எழுத்து. ஆனால் இயந்திரம் பெரிதானால் இவ்வளவு எளிது போதாது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளில் தொடங்கி ஐஇஇஇ 1275 தரநிலையாக 1994இல் வந்த ஓபன் ஃபர்ம்வேரும் (கணினியைத் தொடங்கி வைக்கும் நிரல்) ஃபோர்த்தான். அதில் சாதாரண நினைவகத்துக்கு எல்@, கருவி ரெஜிஸ்டர்களுக்கு ஆர்எல்@ என்று இரண்டு வகை வைத்தார்கள். இடைநினைவு, எழுதும் வரிசை, பைட் வரிசை என்று நடுவில் பல அடுக்குகள் வந்துவிட்ட கணினியில், 'இது நினைவகம் இல்லை, கருவி' என்று நிரல் எழுதுபவர் சொல்லியாக வேண்டும்.

மைக்ரோகன்ட்ரோலரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கணினியில் '0 @' என்று தட்டினால் இயங்குதளம் பிடித்துவிடும். மேலே சொன்ன போர்டில் அது அமைதியாக ஒரு மதிப்பைத் தரும்: முகவரி 0இல் சிப் தொடங்கும்போது ஏற்ற வேண்டிய ஸ்டாக் பாயின்டர் இருக்கிறது. காவலாளி இல்லாத இடம், அதனால் எந்த முகவரியையும் கேட்டால் கொடுக்க முயலும். அதே நேரம் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும் முகவரிக்கு வெறும் ! போட்டால் எழுதாது, அதற்குத் தனி வழிமுறை உண்டு. ஏவிஆர் சிப்புகளுக்கான ஃபிளாஷ்ஃபோர்த் இந்தப் பிரிவினையை மறைத்து, ரேம், ஃபிளாஷ், இஇப்ராம் மூன்றையும் ஒரே முகவரி வரிசையில் அடுக்கி, ஒரே @, ! எல்லாவற்றிலும் வேலை செய்யும்படி செய்திருக்கிறது. வசதிதான், சுற்றுக்குள்ளே ஒரு ! போட்டு ஃபிளாஷைத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு குறிகளையும் மூரே பிற்பாடு எங்கே கொண்டுபோனார் என்பது தனிக் கதை. கிரீன்அரேஸ் நிறுவனத்தின் ஜிஏ144 சிப்பில் 144 குட்டிக் கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 18 பிட் சொற்களாக 64 ரேம், 64 ராம். பைட் என்பதே அங்கே இல்லை, அதனால் சி@ என்ற பேச்சும் இல்லை. முகவரியை ஸ்டாக்கில் வைத்துக்கொண்டு திண்டாடாமல் ஏ என்ற ரெஜிஸ்டரில் வைத்துவிட்டு, @+ என்றால் எடுத்துக்கொண்டு அடுத்த முகவரிக்கு நகரும். அணி ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது சாதாரண ஃபோர்த்தில் 'டூப் செல்+ ஸ்வாப் @' என்று செய்வதை இது ஒரே கட்டளையில் முடிக்கிறது. அதைவிட, பக்கத்துக் கணினியோடு பேசுவதும் @, ! மூலமாகவே. போர்ட்டின் முகவரியைப் படித்தால், அந்தப் பக்கம் இருப்பவர் எழுதும் வரை இந்தக் கணினி காத்து நிற்கும். எழுதுபவரும் படிப்பவர் வரும் வரை நிற்பார். செய்தி அனுப்பவோ பூட்டு போடவோ தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை.

உங்கள் நிரலுக்கே திரும்பினால், சந்தேகம் வரும்போதெல்லாம் டம்ப் போட்டுப் பாருங்கள். 'மொத்தம் 16 டம்ப்' என்றால் அந்த முகவரியில் தொடங்கி 16 பைட்டுகளை வரிசையாகக் காட்டும். உங்கள் பழைய நிரலை ஓட்டிவிட்டு இதைச் செய்தால், முதல் எட்டு பைட்டில் இருப்பது இடப்பக்கம் அச்சாகும் முகவரியேதான், 5 கூடியபடி, பைட்டுகள் தலைகீழ் வரிசையில் என்று கண்ணாலேயே பார்க்கலாம். அதோடு ஒவ்வொரு வரிக்குப் பிறகும் .எஸ் தட்டி ஸ்டாக்கில் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். ! போட்ட வரி முடிந்ததும் ஒன்றாவது மிஞ்சியிருந்தால், அந்த வரியில்தான் தேட வேண்டும்.